3060 பாஸ்த்ரூ கொடுத்தும் விஎம்-மில் டைம்லைன் இழுக்கிறது, எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

வண்ணை_எடிட்:

வணக்கம் நண்பர்களே. பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டு மாடியில் வைத்து கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். மெஷின் இதுதான்: ரைசன் 5 3600, பி450 போர்டு, 32 ஜிபி ரேம், ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி, ஹோஸ்டுக்கென்று ஒரு பழைய ஜிடி 710. ஹோஸ்ட் (மெஷினில் நேராக ஓடும் சிஸ்டம்) உபுண்டு, லிப்வர்ட் வழியாக ஒரு விண்டோஸ் 10 ப்ரோ விஎம் (மெய்நிகர் கணினி), அதற்குள் ப்ரீமியர். விஎம்-முக்கு 10 விசிபியு, 24 ஜிபி ரேம் கொடுத்திருக்கிறேன். பாஸ்த்ரூ (3060 கார்டை அப்படியே விஎம்-முக்குக் கொடுப்பது) வேலை செய்கிறது, டிரைவர் ஏறிவிட்டது, மானிட்டர் நேராக 3060-ல்தான் இருக்கிறது.

ஒரே ஒரு கேமரா என்றால் ஓரளவு ஓடுகிறது. முகூர்த்தத்துக்கு எடுத்த மூன்று 4கே கேமராவையும் மல்டிகேமில் போட்டு மேலே ஒரு கலர் லேயர் ஏற்றினால், ப்ளே அழுத்தியதும் கொஞ்சம் ஓடிவிட்டுப் படம் அப்படியே நின்றுவிடுகிறது, சத்தம் மட்டும் போகிறது, அதுவும் கரகரவென்று. கெட்டிமேளம் வரும் இடத்தில் தாலி முடிச்சுக்கும் அட்சதை போடுகிற ஷாட்டுக்கும் நடுவில் எந்த ஃபிரேமில் வெட்டுவது என்று பார்க்கவே முடியவில்லை. இவ்வளவுக்கும் டாஸ்க் மேனேஜரில் ஜிபியு 35, 40 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. கொளத்தூரில் இருக்கிற நண்பரிடமும் இதே 3060-தான், இன்டெல் 12-ஆம் தலைமுறை சிபியு, சாதாரண விண்டோஸ். இதே ப்ராஜெக்ட் அங்கே ஓடுகிறது.

விண்டோஸை நேராகப் போட்டுவிடு என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். ஹோஸ்டில் ரெண்டு டிஸ்க் சேர்த்து இசட்எஃப்எஸ் மிர்ரர் போட்டு அதில்தான் வாடிக்கையாளர்களின் ஃபுட்டேஜ் எல்லாம் வைத்திருக்கிறேன், குழந்தை பிறந்து காதுகுத்துக்கு வரும்போது கல்யாண வீடியோ இன்னொரு காப்பி கேட்கிறவர்கள் உண்டு, அதை இழக்க முடியாது. இணையத்தில் தேடினால் ஒருவர் என்பிடி-யை (விஎம்-மின் நினைவக முகவரிகளை ஏஎம்டி சிபியு-வே மாற்றித் தரும் வசதி) அணை என்கிறார், இன்னொருவர் கேவிஎம்-மை (விஎம்-மை ஓட்டும் லினக்ஸ் கர்னல் பகுதி) மறை என்கிறார், மற்றொருவர் ஹியூஜ்பேஜ் (ரேமைப் பெரிய துண்டுகளாகக் கொடுப்பது) போடு என்கிறார். எதை முதலில் தொடுவது?

---

லோகோ_ஒர்க்ஸ்:

முதலில் எக்ஸ்எம்எல்-லில் (விஎம்-மின் அமைப்புக் கோப்பு) எதையும் தொடாதீர்கள். ஜிபியு 40 சதவீதத்தில் நிற்கிறது என்றால் கார்டுக்குத் தெம்பு இருக்கிறது, வேலைதான் அதனிடம் போய்ச் சேரவில்லை. சென்ட்ரலுக்கு வருகிற ரயில் பேசின் பிரிட்ஜில் நிற்கிற கதைதான், என்ஜினில் ஒரு குறையும் இருக்காது, பாதை கிடைத்திருக்காது. அதனால் கார்டைக் காக்கவைப்பது யார் என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்: பிசிஐஇ லிங்க்கா (கார்டை போர்டோடு இணைக்கும் பாதை), சிபியு-வா, டிஸ்க்கா, ரேமா. பத்து மாற்றத்தை ஒரே நேரத்தில் செய்தால் எது வேலை செய்தது என்று கடைசி வரை தெரியாது.

லிங்க்கில் ஆரம்பிக்கலாம், அதற்கு ஒரு கட்டளை போதும். ஹோஸ்டில் சூடோவுடன் எல்எஸ்பிசிஐ கட்டளையை ரெண்டு 'வி' சேர்த்து ஓட்டி, 3060-க்கான பகுதியில் லிங்க்கேப், லிங்க்ஸ்டா என்ற ரெண்டு வரிகளையும் பாருங்கள். முதல் வரி கார்டு எவ்வளவு தாங்கும் என்று சொல்லும், ரெண்டாவது வரி இப்போது எவ்வளவில் ஓடுகிறது என்று சொல்லும். முக்கியமாக, விஎம்-மில் டைம்லைன் ஓடிக்கொண்டிருக்கும்போதே பாருங்கள். சும்மா இருக்கும்போது என்விடியா கார்டு மின்சாரம் மிச்சம் பிடிக்க லிங்க்கை 2.5 ஜிடி (விநாடிக்கு கிகாட்ரான்ஸ்ஃபர்) வேகத்துக்குத் தானே இறக்கிக்கொள்ளும், அதைப் பார்த்துப் பயந்து இல்லாத கோளாறைத் துரத்துகிறவர்கள் நிறைய. வேகம் இப்படி ஏறி இறங்குவது சகஜம், எக்ஸ்16, எக்ஸ்4 என்று வரும் அகலம்தான், அதாவது எத்தனை லேன் என்பதுதான், உண்மையைச் சொல்லும். விண்டோஸுக்குள் ஜிபியு-இசட் காட்டுவதை நம்ப வேண்டாம், அது விஎம்-மை நடத்தும் க்யூஎமு உருவாக்கிக் காட்டும் போலி போர்ட்டையும் சேர்த்துப் பார்க்கிறது. அப்புறம் எந்தக் கார்டு எந்த ஸ்லாட்டில் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள்.

---

வண்ணை_எடிட்:

ஓட்டிப் பார்த்தேன் அண்ணா. டைம்லைன் ஓடும்போது லிங்க்ஸ்டா: ஸ்பீடு 5 ஜிடி, விட்த் எக்ஸ்4, ரெண்டுக்கும் பக்கத்தில் டவுன்கிரேடட் என்று வருகிறது. லிங்க்கேப்பில் 16 ஜிடி, எக்ஸ்16. மேல் ஸ்லாட்டில் ஜிடி 710, கீழ் ஸ்லாட்டில் 3060. ஹோஸ்ட் எப்போதும் மேல் ஸ்லாட்டில் இருக்கிற கார்டில்தான் பூட் ஆகிறது, அதனால் அப்படி வைத்தது. கீழே உள்ளதும் நீளமான ஸ்லாட்தானே?

---

லோகோ_ஒர்க்ஸ்:

நீளம் மட்டும்தான் எக்ஸ்16. உள்ளே பெரும்பாலான பி450 போர்டுகளில் அந்த ஸ்லாட்டுக்கு நான்கு லேன்தான் வரும், அதுவும் சிபியு-விலிருந்து வராது, சிப்செட்டிலிருந்து வரும். பி450 சிப்செட் கொடுப்பது பிசிஐஇ 2.0. நீங்கள் பார்த்த 5 ஜிடி, எக்ஸ்4 அதுதான். கணக்குப் போட்டால் ஒரு பக்கத்துக்கு விநாடிக்கு 2 ஜிபி. மேல் ஸ்லாட் சிபியு-வோடு நேராகப் பேசுகிறது, 3.0 எக்ஸ்16, ஏறக்குறைய 16 ஜிபி. எட்டு மடங்கு வித்தியாசம். போதாததற்கு சாட்டா, நெட்வொர்க், யுஎஸ்பி எல்லாம் அதே சிப்செட் வழியில்தான் போகின்றன, உங்கள் இசட்எஃப்எஸ் டிஸ்க்குகளும் பெரும்பாலும் அதில்தான் தொங்கும்.

இது எடிட்டிங்கை எப்படிக் கடிக்கிறது என்று பாருங்கள். ஒரு 4கே ஃபிரேம், 3840-க்கு 2160, ஒரு பிக்சலுக்கு 4 பைட் என்று வைத்தால் 33 எம்பி. விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு கேமராவுக்கே சுமார் 830 எம்பி. மூன்று கேமரா சேர்ந்தால் 2.5 ஜிபி. உங்கள் பாதை 2 ஜிபி. சிபியு-வில் விரித்த ஃபிரேம்கள் அப்படியே கார்டுக்குப் போகிற நிலையில் இதுதான் நடக்கும், ஒரு கேமரா ஓடி மூன்று கேமரா நிற்பதும் இதனால்தான். ப்ரீமியர் ஃபிரேமைச் சுருக்கமான வடிவத்தில் அனுப்பினால் அளவு குறையும், 32 பிட் ஃப்ளோட்டில் அனுப்பினால் நாலு மடங்காகும், அதனால் இதைத் தோராயக் கணக்காக எடுத்துக்கொள்ளுங்கள்.

ரெண்டு கார்டையும் மாற்றிப் போடுங்கள். மேலே போனால் இன்னொரு லாபம், ஐஓஎம்எம்யு குழு, அதாவது ஒன்றாகத்தான் விஎம்-முக்குக் கொடுக்க முடிகிற சாதனங்களின் கூட்டம். சிபியு ஸ்லாட்டில் இருக்கிற கார்டு பெரும்பாலும் தனிக் குழுவாக வந்துவிடும், சிப்செட் ஸ்லாட் என்றால் லேன், சாட்டா எல்லாவற்றோடும் ஒட்டிக்கொண்டு வரும். ஏசிஎஸ் ஓவர்ரைடு பேட்ச் (குழுக்களைப் பிரித்துக் காட்டும் கர்னல் மாற்றம்) போட்டுத்தான் இப்போது பிரித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மாற்றிய பிறகு அது தேவைப்படாது, தேவை இல்லையென்றால் எடுத்துவிடுவதே நல்லது, அது பிரிவினையைக் காகிதத்தில் மட்டும்தான் காட்டுகிறது.

ஒரு சிக்கல் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். பயாஸில் எந்தக் கார்டில் பூட் ஆக வேண்டும் என்று தேர்வு செய்ய உங்கள் போர்டில் வழி இல்லையென்றால், பூட் திரை 3060-ல் வரும், ஹோஸ்ட் கர்னல் அந்தக் கார்டின் நினைவகத்தில் ஒரு ஃபிரேம்பஃபரைப் பிடித்துக்கொள்ளும். விஎம்-மைத் தொடங்கும்போது டிமெசேஜில் 'பார் 1, கேன்ட் ரிசர்வ்' என்று வந்தால் காரணம் அதுதான். பழைய கர்னலில் கர்னல் வரியில் இஎஃப்ஐஎஃப்பி-யை ஆஃப் செய்தால் போதும், புதிய கர்னல்களில் சிஸ்எஃப்பி-இனிட் என்பதை இனிட்கால் பிளாக்லிஸ்டில் போட வேண்டும். கார்டின் எண்களை, கார்டை விஎம்-முக்காகப் பிடித்துவைக்கும் விஎஃப்ஐஓ-பிசிஐ டிரைவருக்குப் பூட்டிலேயே கொடுத்துவிடுங்கள், ஆடியோ எண்ணையும் சேர்த்து. அதற்கும் திரை வரவில்லையென்றால் கார்டின் விபயாஸ் கோப்பை ராம்ஃபைலாகக் கொடுத்துப் பாருங்கள்.

கழற்றும்போது கார்டின் தங்க முனையையும் பாருங்கள். நம் பக்கம் கடல் காற்று. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் வீடுகளில் ஜன்னலோரம் வைத்த மெஷினைத் திறந்தால் ஹீட்சிங்கின் அலுமினியத் தகடுகளில் வெள்ளையாகப் பூத்திருக்கும். முனையில் அழுக்கு படிந்தால் எக்ஸ்16 கார்டு சத்தமில்லாமல் எக்ஸ்8-க்கு இறங்கி ஓடும், எந்த எச்சரிக்கையும் வராது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்துத் துடையுங்கள். பென்சில் ரப்பரால் தேய்க்கிற பழக்கம் நிறையப் பேரிடம் உண்டு, எனக்கு அது பிடிக்காது, தங்க முலாம் மெல்லியது, கூடவே முலாமும் போகும்.

---

காசிமேடு_கர்னல்:

லோகோ சொன்ன லிங்க்தான் பெரிய காரணம், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தக் கரகர சத்தம் லிங்க்கால் மட்டும் வருவதில்லை.

ஹோஸ்டில் ப்ராக் அடைவில் இன்டர்ரப்ட்ஸ் (சாதனங்கள் சிபியு-வைக் கூப்பிடும் சைகைகள்) கோப்பைத் திறந்து விஎஃப்ஐஓ வரிகளைத் தேடுங்கள். அங்கே விஎஃப்ஐஓ-எம்எஸ்ஐ என்று இருந்தால் நல்லது, அது புதிய பாணி. விஎஃப்ஐஓ-இன்ட்எக்ஸ் என்று இருந்தால் கார்டு பழைய பாணியில் லைன் இன்டர்ரப்ட் கொடுக்கிறது, ஒவ்வொரு முறையும் ஹோஸ்ட் நடுவில் வந்து கைகொடுக்க வேண்டும், சத்தம் வெட்டுவது அங்கேதான். கார்டின் ஹெச்டிஎம்ஐ ஆடியோ பல நேரம் இப்படி மாட்டிக்கொள்ளும். விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் அந்தச் சாதனத்தின் கீழ் எம்எஸ்ஐ சப்போர்டட் என்ற மதிப்பை 1 ஆக்கிவிட்டு விஎம்-மை முழுதாக அணைத்துப் போடுங்கள். டிரைவர் புதுப்பித்தால் பழையபடி மாறிவிட வாய்ப்பு உண்டு, அதனால் சத்தம் திரும்பக் கெட்டால் முதலில் இங்கேயே பாருங்கள்.

அடுத்து சிபியு. 3600-ல் ஆறு கோர் ஒரே கூட்டமாக இல்லை, மூன்று மூன்றாக ரெண்டு சிசிஎக்ஸ் (கோர் கூட்டம்), ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 16 எம்பி எல்3 கேஷ். நீங்கள் பின் செய்யாமல் (எந்த விசிபியு எந்தக் கோரில் என்று கட்டாமல்) 10 விசிபியு கொடுத்திருந்தால், லினக்ஸ் அவற்றை இஷ்டத்துக்குத் தூக்கி இங்கேயும் அங்கேயும் வைக்கும், ஒவ்வொரு தாவலிலும் கேஷ் காலியாகும். எல்எஸ்சிபியு-வை 'ஈ' சேர்த்து ஓட்டினால் எந்த எண் எந்தக் கோர், எந்த எல்3 என்று பட்டியலாக வரும். பொதுவாக 0-வும் 6-ம் ஒரே கோரின் ரெண்டு த்ரெட், 1-ம் 7-ம் ஒன்று, இப்படியே போகும், ஆனால் உங்கள் மெஷினில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். 0, 6 ரெண்டையும் ஹோஸ்டுக்கும் எமுலேட்டர் பின்னுக்கும் விட்டுவிட்டு, மீதி ஐந்து கோரையும் ஜோடி ஜோடியாக விஎம்-முக்குப் பின் செய்யுங்கள். டோபாலஜியில் சாக்கெட் 1, கோர் 5, த்ரெட் 2 என்று போட்டு, சிபியு ஹோஸ்ட்-பாஸ்த்ரூவில் டோபோஎக்ஸ்ட் அம்சத்தையும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஏஎம்டி-யில் விண்டோஸுக்கு ஹைப்பர்த்ரெட் ஜோடி தெரியாது. கேம் விளையாடுகிறவர் கேட்டிருந்தால் ஒரே சிசிஎக்ஸுக்குள் அடக்கச் சொல்லியிருப்பேன், எடிட்டிங்குக்கு மொத்த பலம்தான் முக்கியம், ரெண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்எம்எல்-லில் டோபாலஜியே எழுதவில்லையென்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பழைய மெஷின் டைப்களில் ஒவ்வொரு விசிபியு-வும் ஒரு தனி சாக்கெட்டாகப் போகும், விண்டோஸ் ப்ரோ ரெண்டு சாக்கெட்டுக்கு மேல் பயன்படுத்தாது. டாஸ்க் மேனேஜரில் லாஜிக்கல் ப்ராசசர் எத்தனை என்று ஒரு பார்வை பாருங்கள்.

ரேம் கணக்குதான் எனக்கு உறுத்துகிறது. விஎஃப்ஐஓ என்றால் விஎம்-முக்குக் கொடுத்த 24 ஜிபி-யும் முழுதாகப் பூட்டப்பட்டுவிடும், பலூனிங் (விஎம்-மிடமிருந்து ரேமைத் திரும்ப வாங்குவது) எதுவும் உதவாது. மிச்சம் 8 ஜிபி. ஆனால் லினக்ஸில் இசட்எஃப்எஸ் தன் ஏஆர்சி கேஷுக்கு, பெரும்பாலான பதிப்புகளில், மொத்த ரேமில் பாதி வரை எடுத்துக்கொள்ளப் பார்க்கும், அதாவது 16. ஃபுட்டேஜ் வேறு அதே இசட்எஃப்எஸ்-லிருந்து வாசிக்கப்படுகிறது! ஏஆர்சி ஏறும், கர்னல் பிடுங்கும், ஹோஸ்ட் ஸ்வாப்புக்குப் போகும், விஎம் மொத்தமாகத் திக்கும். இசட்எஃப்எஸ்-ஏஆர்சி-மேக்ஸ் மதிப்பை 4 ஜிபி என்று கட்டிவிட்டு, விஎம்-மை 20-க்கு இறக்குங்கள்.

ஹியூஜ்பேஜ் போட்டால் கொஞ்சம் நன்மை உண்டு, ஆனால் மேலே சொன்னவை சரியாகாமல் அதைப் போட்டு ஒரு பயனும் இல்லை. என்பிடி-யை அணைக்கச் சொல்வது பழைய கதை. ஏஎம்டி-யில் என்பிடி இருந்தால் கிராஃபிக்ஸ் படுத்துவிடும் என்பது ஒரு காலத்தில் உண்மைதான், விஎம் கேட்கிற பிஏடி அமைப்பை (நினைவகத்தை எப்படிக் கேஷ் செய்வது என்பது) கேவிஎம் மதிக்காததால் வந்த கோளாறு அது, விஎம் திரையை ஹோஸ்டில் காட்டும் லுக்கிங் கிளாஸ் நிரலை எழுதிய ஜெஃப்ரி மெக்ரே அதைத் தோண்டி எடுத்தார், 2017-லேயே கர்னலில் சரிசெய்துவிட்டார்கள். இன்றைக்கு அணைத்தால் சிபியு வேகம் தரையில் விழுவதைத் தவிர ஒன்றும் நடக்காது. கேவிஎம்-மை மறைப்பதும் அப்படித்தான், விஎம் என்று தெரிந்தால் என்விடியா டிரைவர் காட்டிய கோட் 43 பிழைக்காகச் செய்தது, 2021-ல் வந்த 465 வரிசை டிரைவரிலிருந்து ஜிஃபோர்ஸுக்கு பாஸ்த்ரூவை என்விடியாவே அனுமதித்துவிட்டது. அந்தக் கட்டுரைகளில் தேதியைப் பார்த்துப் படியுங்கள்.

---

எண்ணூர்_ரெண்டர்:

தம்பி, எல்லோரும் விஎம்-மையே பார்க்கிறார்கள், ஃபுட்டேஜ் என்னவென்று யாரும் கேட்கவில்லையே. அந்த மூன்று கேமராவும் எந்த ஃபார்மேட்? சோனி-யில் 10 பிட் 4:2:2 (4:2:0-வை விட நிறத் தகவல் அதிகம்) ஹெச்.265 வைத்து எடுத்திருந்தால் உங்கள் 3060-ன் டிகோடர் அதைத் தொடாது. 4:2:0 விரிக்கும், 4:4:4-ம் விரிக்கும், 4:2:2 மட்டும் விரிக்காது, என்விடியா-வில் 50 வரிசையில்தான் அது வந்தது. அப்படியென்றால் மூன்று கேமராவையும் விரிப்பது உங்கள் சிபியு. விரித்த பெரிய ஃபிரேம்கள்தான் லோகோ சொன்ன அந்த 2 ஜிபி பாதையில் ஏறுகின்றன. 4:2:0 ஆக இருந்திருந்தால் சுருங்கிய ஃபைல் மட்டும் போயிருக்கும், கார்டுக்குள்ளேயே விரிந்திருக்கும், எக்ஸ்4-லும் உங்களுக்கு இவ்வளவு தெரிந்திருக்காது.

கொளத்தூர் நண்பரோடு ஒப்பிடுவதும் இதனால்தான் சரிவராது. அவருடைய இன்டெல் 12-ஆம் தலைமுறையில் ஐஜிபியு (சிபியு-வுக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ்) இருந்தால் அதன் குவிக்சிங்க் டிகோடர் 4:2:2 ஹெச்.265-ஐ விரித்துவிடும். அங்கே 3060 ஓட்டுகிறது என்று நீங்கள் நினைக்கிறீர்கள், பாதி வேலையை இன்டெல் செய்கிறது.

சோதிக்க ஒரு வழி: டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தில் வீடியோ டிகோட் என்ற வரைபடத்தை மட்டும் தனியாகப் பாருங்கள். ப்ளே ஆகும்போது அது பூஜ்யத்தில் படுத்திருந்து சிபியு முட்டிக்கொண்டிருந்தால் நான் சொன்னதுதான். நான் மண்டபத்திலிருந்து வந்த அன்று இரவே ப்ராக்ஸி (எடிட்டுக்கான இலகுவான காப்பி) போடவிட்டுத்தான் தூங்கப் போவேன், 4:2:2 இருக்கிற வரை அதுதான் நிம்மதி. கலர் கரெக்‌ஷனுக்கு 4:2:2 தருகிற வசதியை விட எனக்கு மனமில்லை, அதிலும் பட்டுப் புடவைச் சிவப்பு, மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில்.

---

வண்ணை_எடிட்:

எல்லோருக்கும் நன்றி, என்ன ஆனது என்று எழுதுகிறேன்.

கார்டுகளை மாற்றினேன். பார் 1 பிழை சொன்ன மாதிரியே வந்தது, சிஸ்எஃப்பி-இனிட் போட்டதும் போய்விட்டது, ராம்ஃபைல் தேவைப்படவில்லை. இப்போது ஓடும்போது 8 ஜிடி, எக்ஸ்16. வேகத்துக்கு மட்டும் இன்னும் டவுன்கிரேடட் என்று வருகிறது, கார்டு 4.0, போர்டு 3.0 என்பதால்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். ஏசிஎஸ் பேட்ச் எடுத்துவிட்டேன், குழு சுத்தமாக இருக்கிறது. இந்த ஒரு மாற்றத்திலேயே மல்டிகேம் நிற்காமல் போக ஆரம்பித்தது, ஆனால் நடுநடுவே ஃபிரேம் விட்டது.

இன்டர்ரப்ட்ஸில் வீடியோ எம்எஸ்ஐ, ஆடியோ இன்ட்எக்ஸ். ரெஜிஸ்ட்ரியில் மாற்றியதும் கரகர இல்லை. ஏஆர்சி-யைக் கட்டி விஎம்-மை 20-க்கு இறக்கியதும் ஹோஸ்டில் ஸ்வாப் தொடுவதே இல்லை. பின்னிங்கையும் போட்டேன், டாஸ்க் மேனேஜரில் லாஜிக்கல் 10 சரியாகவே காட்டுகிறது.

அக்கா சொன்னதும் உண்மை, ரெண்டு கேமரா 4:2:2, மூன்றாவது ட்ரோன் 4:2:0. வீடியோ டிகோட் வரைபடம் ட்ரோன் ஷாட்டில் மட்டும் எழும்புகிறது. ப்ராக்ஸி போட்டதும் கெட்டிமேளத்தை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்க்க முடிகிறது.

ஒன்று மட்டும் பாக்கி. நீண்ட ரெண்டர் போகும்போது மதியத்தில் வேகம் குறைகிறது. ஹோஸ்டில் என்விடியா-எஸ்எம்ஐ ஓட்டினால் 3060 தெரியவே மாட்டேன் என்கிறது.

---

லோகோ_ஒர்க்ஸ்:

கார்டு விஎஃப்ஐஓ கையில் இருக்கும்வரை ஹோஸ்டில் தெரியாது. விண்டோஸுக்குள் கமாண்ட் ப்ராம்ப்டில் என்விடியா-எஸ்எம்ஐ-யை பெர்ஃபார்மென்ஸ் பகுதியைக் கேட்டு ஓட்டுங்கள், கடிகார வேகம் ஏன் இறங்கியது என்று காரணம் வாரியாகக் காட்டும். தெர்மல் ஸ்லோடவுன் ஆக்டிவ் என்றால் சூடு, பவர் கேப் ஆக்டிவ் என்றால் கார்டு தன் மின் வரம்பைத் தொட்டிருக்கிறது, அது ரெண்டரில் சகஜம், கவலை வேண்டாம். சூடு என்றால் முதலில் ஜிடி 710-ஐப் பாருங்கள், அது இப்போது 3060-ன் விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து காற்றை மறித்துக்கொண்டிருக்கும். போர்டில் இன்னும் கீழே ஒரு எக்ஸ்1 ஸ்லாட் இருந்து, அதற்குப் பின்பக்கம் திறந்திருந்தால் 710-ஐ அங்கே இறக்கலாம், ஹோஸ்ட் திரைக்கு எக்ஸ்1 தாராளம். மாடி அறை, மே மாத மதியம் என்றால் கேஸின் பக்கத் தகட்டைக் கழற்றி ஒரு ரெண்டர் ஓட்டிப் பாருங்கள், வேகம் நின்றால் கேஸ் விசிறிக்குச் செலவு செய்யலாம். அந்த பெர்ஃபார்மென்ஸ் பகுதியை மதியம் ஒன்று, இரவு ஒன்று எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.